சாமி இல்லை என்பவன் புத்தி கெட்டவனா?

குறுக்குத்துறைப் படித்துறை:
போன வாரம் ஒரு காதுகுத்து வீடு. பந்தியில் பக்கத்து இலைக்காரர், என் தூரத்து மாமா, "சாமி இல்லை என்கிறவனுக்கு ஒன்று திமிர் இருக்க வேண்டும், இல்லையென்றால் புத்தி பேதலித்திருக்க வேண்டும்" என்றார். பாயசம் வந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். பதிலை இங்கே வைக்கிறேன்.

கடவுள் உண்டா இல்லையா என்பதை இந்தத் திரியில் தீர்த்துவிட முடியாது. என் கேள்வி அதைவிடச் சிறியது. புத்தி தெளிவாக உள்ள ஒருவன் யோசித்துப் பார்த்து 'இல்லை' என்ற முடிவுக்கு வர முடியுமா, முடியாதா?

நம் திருநெல்வேலியின் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். வேதசர்மா, சாமிக்குப் படைக்க வேண்டிய நெல்லை உலரப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். மழை கொட்டியது. நெல்லைச் சுற்றி வேலி போட்டதுபோல் அதன்மேல் மட்டும் ஒரு சொட்டும் விழவில்லை. அதனால் நெல்வேலி. சரி. 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. உலரப்போட்ட நெல்லுக்குக் கிடைத்த வேலி, அன்றைக்குச் செத்துப்போனவர்களுக்குக் கிடைக்கவில்லை. தாமிரபரணிக்குள் நிற்கிற குறுக்குத்துறை முருகன் கோயிலும் தண்ணீருக்குள் போனது. வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது மனிதர்கள்தான். எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர், நம்மேல் கருணை உள்ளவர் என்கிறீர்கள். அந்த இரவை வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒன்றாவது எனக்கு இடிக்கிறது.

மேலரதவீதி:
தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

ஒருமுறை வேலி போட்டார் என்றால், காலமெல்லாம் போடுவதாக உனக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தாரா? குறுக்குத்துறைக் கோயிலை நீ கரையில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி போலிருக்கிறது. வெள்ளம் வந்து மோதுகிற பக்கத்துக்குப் போய்ப் பார். படகின் முனைபோல் கூராகக் கட்டியிருக்கிறார்கள். ஆறு பொங்கி வரும் என்று தெரிந்தே கட்டினார்கள், அதே கையால் கும்பிடவும் செய்தார்கள். வெள்ளத்தைப் பார்த்ததும் சாமி இல்லை என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. மணிமேகலையில், வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். கடைசியில் பூதவாதி, கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே ஒப்புக்கொள்வேன் என்பான். மணிமேகலை சிரித்துக்கொண்டே, உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால், அதாவது தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஊகிப்பதால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்பாள். ஆள் அவுட். அந்த அனுமானத்தைத்தான் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் முதல் சூத்திரமும் கையில் எடுக்கிறது. தோன்றி, நின்று, அழிகிற உலகத்துக்கு ஒரு கர்த்தா வேண்டும்.

சுடலை பேரன்:
இவ்வளவு படிப்பு எதற்கு? எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வாருங்கள். நடுச்சாமம், மேளம் நின்றுவிடும். சாமியாடுகிற என் தாத்தா பந்தத்தோடு தனியாகச் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். திரும்பி வரும்போது அது தாத்தா இல்லை. எனக்கு ஏழு வயது. என் முகத்துக்கு நேராகக் குனிந்து திருநீறு பூசினார். அந்தக் கண் என்னைத் தெரிந்த கண்ணே இல்லை. மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து, "ஏன்டா கைகால் இப்படி வலிக்கிறது" என்று என்னிடமே கேட்டார்.

குறுக்குத்துறைப் படித்துறை:
அண்ணாச்சி, மணிமேகலையை நீங்கள் இழுத்தீர்கள், அதனால் கேட்கிறேன். பூதவாதியை மடக்கியவள் பிறகு எங்கே போய்ச் சேர்ந்தாள்? பௌத்தத்தில். உலகைப் படைத்த கர்த்தா என்று ஒருவரை ஒப்புக்கொள்ளாத சமயம் அது. அனுமானத்தை ஏற்றுக்கொண்டும் கர்த்தாவை ஏற்காமல் இருக்கலாம் என்பதற்கு உங்கள் சாட்சியே என் பக்கம் நிற்கிறாள்.

அனுமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காருகுறிச்சியில் பானையைப் பார்த்ததும் குயவர் நினைவுக்கு வருகிறார். ஏன்? சக்கரம் சுற்றுவதையும், ஈரமண் விரலுக்குள் எழும்புவதையும், நூலால் அறுத்து இறக்குவதையும் பார்த்திருக்கிறேன். தாய் தந்தையர் விஷயமும் அப்படித்தான். பிள்ளை பிறப்பதை ஊரே பார்த்திருக்கிறது. உலகம் வனையப்படுவதை யார் பார்த்தார்கள்? ஒரே ஒரு உலகம், அதுவும் ஏற்கெனவே வனைந்து முடிந்தது. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார். அவர் இறந்த பிறகு, 1779-இல்தான் அதைக் கேட்ட புத்தகம் வெளிவந்தது.

சுடலை பேரன், நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்தது நீங்கள். என் கைக்கு வந்தது நீங்கள் எழுதிய ஆறேழு வரி. மேலப்பாளையத்தில் தொழுகிறவருக்கும் பாளையங்கோட்டையில் ஜெபிக்கிறவருக்கும் இதேபோல் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. அவர்கள் உங்கள் சுடலையை ஏற்பதில்லையே?

சுடலை பேரன்:
இந்தக் கடைசிக் கேள்வி எங்கள் வீட்டில் செல்லாது. என் ஆச்சி உவரி அந்தோணியாருக்கு நேர்ந்துகொள்வாள், பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கும் போவாள், வெள்ளிக்கிழமை இசக்கியம்மனுக்குப் பொங்கலும் வைப்பாள். சாமிகளுக்குள் சண்டை மூட்டுவது நீங்கள்தான்.

சமாதானபுரம்:
நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவள். ஆனாலும் தம்பியின் கேள்விக்கு 'முடியும்' என்பதுதான் என் பதில்.

அந்த வெள்ளத்தன்று திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் சுமார் 800 பயணிகள் இருந்தார்கள். அதில் ஒருவர் என் அத்தான். கைபேசி முதல் நாள் காலையிலேயே அணைந்துவிட்டது. அவரோடு பயணம் செய்த ஒருவரிடமிருந்து அரைகுறையாக ஓர் அழைப்பு: "இறங்கி நடந்து போனாரே, இன்னும் வரவில்லையா?" அதற்குப் பிறகு, அடிமண் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிற படத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அக்கா தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தவள்தான். போய்விட்டார் என்று முடிவே செய்துவிட்டாள். அத்தானோ ஊர்க்காரர்கள் ஆக்கிப்போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறார்.

அக்கா நினைத்தது தவறு. ஆனால் அவள் கையில் இருந்த செய்திக்கு அது நியாயம். திரும்பி வந்த அத்தான், 'நான் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியுமே, நீ என்ன பைத்தியமா?' என்று கேட்டிருந்தால் நானே அவரைத் திட்டியிருப்பேன்.

வில்லியம் ரோ என்ற அமெரிக்க நாத்திகர், கடவுளை நம்புகிறவருக்கும் நியாயம் இருக்கலாம் என்று 1979-இல் எழுதினார். அதற்கு 'நட்பான நாத்திகம்' என்று பெயரும் வைத்தார். எதிர்க்கரையில் நின்று அதே நட்பை நான் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

மேலரதவீதி:
அம்மா, உங்கள் அக்காவின் நிலை வேறு. செய்தி வர வழியில்லாத வீடு அது. இறைவன் அப்படியா? பூக்கிற பூவிலும் பிறக்கிற பிள்ளையிலும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. கைபேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அழைப்பே வரவில்லை என்பவனை நியாயவான் என்று எப்படிச் சொல்வது?

மணிமேகலை விஷயத்தில் தம்பி என் காலை வாரிவிட்டான், ஒப்புக்கொள்கிறேன்.

குறுக்குத்துறைப் படித்துறை:
நான் அணைத்து வைக்கவில்லை, அண்ணாச்சி. அப்பா மருத்துவமனையில் கிடந்த பத்தொன்பது நாளும் காந்திமதி அம்மன் சன்னதியில் போய் நின்றவன் நான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

அருள்நந்தி சிவத்தின் சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கிற பரபக்கத்தைத் திறந்து பாருங்கள். முதலில் எடுத்து மறுக்கிற மதம், கடவுளை ஏற்காத உலகாயதம். புத்தி பேதலித்தவனோடு அவர் மெனக்கெட்டு வாதாடுவாரா?

மேலரதவீதி:
அப்பா விஷயம் தெரியாது, தம்பி. கைபேசி என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் மறுத்தார் என்பதாலேயே மதித்தார் என்று ஆகாது. தப்புக் கணக்கையும்தான் நான் உட்கார்ந்து திருத்தினேன்.

குறுக்குத்துறைப் படித்துறை:
திருத்தும்போது விடையை மட்டுமா பார்த்தீர்கள்? விடை தப்பாக இருந்தாலும் படிகளுக்கு மதிப்பெண் போட்டீர்களா, இல்லையா?

மேலரதவீதி:
போட்டேன்.

(இதை எழுதுவதற்கு முன் ஒரு டம்ளர் காப்பி முடிந்துவிட்டது.) சரி, பத்துக்கு ஆறு. வெள்ளத்தை வைத்துச் சொன்ன படி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதில் பிழையும் பிடிபடவில்லை. குயவர் படி நன்று. விடை தப்பு, அதற்கு நான்கு மதிப்பெண் போயிற்று. உன் மாமாவிடம் வேண்டுமானால் தாளைக் காட்டு.

சுடலை பேரன்:
அண்ணாச்சி, அப்படியென்றால் என் தாத்தாவுக்கு எவ்வளவு?

மேலரதவீதி:
ஒரு படியும் எழுதாமல் விடையை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். அந்தத் தாளை நான் திருத்தப்போவதில்லை.