இடது கதவில் மட்டும் எண் பிய்ந்துபோகிறது, ஏன்?

மூன்றாம் கியர் எழுதியது:

வணக்கம். போன ஞாயிறு என் முதல் ரேஸ். ஸ்டிக்கர் வேலைக்கு முந்தின நாள் ராத்திரிதான் நேரம் கிடைத்தது. காரைக் கழுவி, வாக்ஸ் போட்டுத் துடைத்து, இரண்டு கதவிலும் 38 என்ற எண்ணை ஒட்டினேன். கார் கருநீலம், எண் சிவப்பு. ஷெட்டில் நல்ல குளிர். நான்காவது சுற்றிலேயே இடது கதவில் 3-இன் நுனிகள் கிளம்பிவிட்டன. முடிந்து இறங்கிப் பார்த்தால் பாதி எண் தொங்குகிறது. வலது கதவில் ஒரு நுனிகூட அசையவில்லை. இரண்டும் ஒரே தாளில் வெட்டியவை. பானட்டில் ஒட்டிய பெரிய ஸ்டிக்கரிலும் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அடுத்த ரேஸுக்கு மூன்று வாரம் இருக்கிறது. எங்கே தவறு செய்தேன்?

ரப்பர் தகடு எழுதியது:

தம்பி, இடது கதவுக்கு எதிரே நின்று பாருங்கள். காரின் மூக்கு உங்கள் இடது கைப்பக்கம். அப்போது காற்றுக்கு முதலில் முகம் கொடுப்பது 3. அதன் மூன்று நுனிகளும் காற்றை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. வலது கதவில் முன்னால் வருவது 8-இன் வளைந்த முதுகு, அங்கே காற்று நுழைய நுனியே இல்லை. என் பழைய காரில் எண் 5. அதற்கு வலது கதவில் இதே கதி, அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. ஒட்டுவதற்கு முன் அந்த நுனிகளின் கூர் மூலைகளைக் கத்தரியால் லேசாக உருட்டி வெட்டிவிடுங்கள். கூர் மூலைதான் முதலில் கிளம்பும்.

ஆனால் நுனி கிளம்ப இடம் கொடுத்தது வாக்ஸ். வாக்ஸ் மேல் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய்ந்த பிறகு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள். அது தானாகக் காயும் முன்பே வேறொரு உலர்ந்த துணியால் துடைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே மறுபடி படியும். அப்புறம் அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள், கை எண்ணெயும் பசைக்கு ஆகாது.

குளிரிலும் ஒட்டக் கூடாது. 10 டிகிரிக்குக் கீழே பசை இறுகிப்போய்ப் பெயின்ட்டைப் பிடிக்காது, 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. ஒட்டிய பிறகும் முழுப் பிடிப்பு வர ஒரு நாளாவது ஆகும். ராத்திரி ஒட்டிக் காலையில் ஓட்டினால் அது பாதிப் பிடிப்புதான்.

எண்ணை நேராக வைக்க நான் செய்வது இது: மேல் தாளோடு (எண்ணைக் கலையாமல் பிடித்திருக்கும், ஒட்டிய பின் உரிக்கும் தாள்) கதவில் வைத்து, நாலடி தள்ளிப்போய்ப் பார்ப்பேன். சரியென்றால் நடுவில் செங்குத்தாக ஒரு மாஸ்கிங் டேப். அது கதவுக் கீல் மாதிரி. ஒரு பாதியைத் திறந்து, பின்தாளை உரித்து வெட்டி எறிந்து, ஸ்டிக்கரை அழுத்தித் தேய்க்கும் தகட்டைச் சாய்த்து, நடுவிலிருந்து வெளியே இழுப்பேன். பிறகு டேப்பை எடுத்துவிட்டு மறுபாதி. மேல் தாளை உரிக்கும்போது உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். அதன் மேலேயே மடித்து, கதவை ஒட்டியபடி மெதுவாக இழுங்கள். வராவிட்டால் தாளின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் விடுங்கள், இளகிவிடும்.

பானட்டில் ஒட்டியது என்ன வகை ஸ்டிக்கர் ஃபிலிம்? சோப்புத் தண்ணீர் அடித்தா ஒட்டினீர்கள்?

மூன்றாம் கியர் எழுதியது:

ஆமாம் அண்ணா, தண்ணீர் அடித்துத்தான். பின்பக்கம் பசையில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரிந்தன.

ரப்பர் தகடு எழுதியது:

அந்தக் கட்டங்கள்தான் காற்று வெளியேறும் வாய்க்கால். அதில் தண்ணீர் புகுந்தால் உள்ளேயே தங்கிவிடும். அந்த வகையை உலர்ந்த நிலையில்தான் ஒட்ட வேண்டும். தண்ணீர் முறை கட்டம் இல்லாத சாதாரணப் பசைக்கு. இன்னொன்று, வளைவு உள்ள இடத்துக்குக் காஸ்ட் வினைல் (திரவமாக ஊற்றிச் செய்யும் மெல்லிய ஸ்டிக்கர் ஃபிலிம்) வாங்குங்கள். உருளையில் அழுத்தி நீட்டிச் செய்யும் கேலண்டர் வினைலை இழுத்து ஒட்டினால் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்கே சுருங்கும். காஸ்ட் வினைலையும் பள்ளத்தில் ஒட்டிய பிறகு ஹீட் கன்னால் 90 டிகிரி வரை சூடாக்க வேண்டும், அப்போதுதான் அடங்கும்.

ஸ்டாப்வாட்ச் எழுதியது:

நான் நேரம் குறிக்கும் மேஜையில் உட்காருகிறவள். ஒட்டுவதைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் நிறத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்கிறேன். கருநீலத்தில் சிவப்பு வேண்டாம். மேகம் மூடினால் இரண்டும் ஒரே இருட்டாகத் தெரியும். டிரான்ஸ்பாண்டர் (காரில் இருந்து சுற்றைத் தானாகக் குறிக்கும் கருவி) வேலை செய்யாத சுற்றில் உங்கள் சுற்றை நான் கண்ணால்தான் எழுத வேண்டும். ஒரு காரைப் பாதையை விட்டு உள்ளே வரச் சொல்லிக் கறுப்புக் கொடி காட்டும்போதும் கூடவே காட்டுவது உங்கள் எண்ணைத்தான். வெள்ளைப் பட்டையில் கறுப்பு எண் போடுங்கள். சாய்ந்த எழுத்து, பளபளக்கும் குரோம், நிழல் கோடு எதுவும் வேண்டாம். 38 மாதிரி எண்ணில் 3-இன் வாய் நன்றாகத் திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் தூரத்தில் 88. எவ்வளவு உயரம், கோடு எவ்வளவு தடிமன் என்பதை உங்கள் போட்டி விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு வெட்டக் கொடுங்கள். 2022-இல் அமெரிக்காவின் நாஸ்கார் ரேஸில் எண்ணை முன்சக்கரப் பக்கம் தள்ளினார்களே, அதைப் பார்த்து நீங்களும் இடம் மாற்றிவிடாதீர்கள். உங்கள் விதி கதவு என்றால் கதவுதான்.

மூன்றாம் கியர் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. வெள்ளைப் பட்டையே போடுகிறேன். பழைய சிவப்பை எப்படி எடுப்பது? பெயின்ட் போகாதே?

ரப்பர் தகடு எழுதியது:

கம்பெனி பெயின்ட் என்றால் பயமில்லை. ஹேர் டிரையரால் கை தாங்கும் சூடு வரை காட்டி, ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மடித்த வாக்கில் மெதுவாக இழுங்கள். பிளேடு வைக்காதீர்கள். பசை மிஞ்சினால் ஆரஞ்சு எண்ணெய் கலந்த பசை நீக்கி, அதன் பிறகு மறுபடி ஆல்கஹால். கதவைப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் மட்டும் முதலில் சொல்லுங்கள், அதற்கு வேறு கணக்கு.