பிந்தி வந்த பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தாத சேர்

மஸ்கெலியாக்காரன்
எங்கள் தரம் 8 கணக்கு சேரைப் பற்றி எங்காவது எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. தேயிலைத் தோட்டப் பாடசாலையில் காலை முதல் பாடம் கணக்கு என்றால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் பிந்தித்தான் வருவோம். மற்ற வகுப்புகளில் வாசலில் முழங்கால், உள்ளங்கையில் இரண்டு அடி. அதற்குள் பாடமே முடிந்துவிடும். இவர் கதவருகே ஒரு சீஆர் கொப்பியை வைத்தார். பிந்தி வருகிறவர் காரணத்தை எழுதிவிட்டுப் போய் உட்காரலாம். ஏசமாட்டார்.

நாங்கள் சும்மா இருப்போமா? புளுகினோம். ஒருத்தன் சிறுத்தை வழிமறித்தது என்று எழுதினான். அடுத்த கிழமையும் அதே சிறுத்தை. பக்கத்தில் சிவப்புப் பேனையால் "எந்த மலையில்?" என்று சேர் கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

மாத முடிவில் கொப்பியைத் தூக்கிக்கொண்டு அதிபரிடம் போனார். வெளியே விறாந்தை கூட்டிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. "பொம்பளப் பிள்ளைகள் எழுதினத மட்டும் பாருங்க சேர். தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுட்டு வந்தேன், தங்கச்சியை விட்டுட்டு வந்தேன். அம்மா பிரட்டுக்குப் போயாச்சு. இதுகளை அடிச்சா காம்பரா வெள்ளென திறக்குமா?" (பிள்ளைக்காம்பரா என்றால் தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், பிரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம்.) அதன்பிறகு முதல் பாடம் சித்திரமாகி, கணக்கு மூன்றாவதுக்குப் போனது.

உறுத்துவது இதுவல்ல. அடுத்த வருஷம் அவருக்கு இடமாற்றம். பதிலுக்கு வந்தவர் பிரம்போடு வந்தார். எங்கள் செட்டில் ஓ/எல் (தரம் 11 முடிவில் எழுதுகிற பரீட்சை) கணக்கு பாஸானவர்கள் முந்தைய செட்டுகளைவிடக் கூட. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

கொட்டகலை தம்பி
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். எங்கள் விஞ்ஞான சேர் அடித்தால் கை வீங்கும். ஆனால் அதே மனுசன் பின்னேரம் நாங்கள் இருந்த லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வந்து, கோயில் மண்டபத்தில் காசில்லாமல் படிப்பிப்பார். ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு வந்தார். வந்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சித்தாலேப தைல டப்பியை எடுத்து அவரே தேய்த்துவிட்டார். அடித்ததும் அவர், தேய்த்ததும் அவர். அந்த டப்பியை முதலே வாங்கி வைத்திருந்தாரா என்றுதான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஊவா டீச்சர்
தம்பி, உங்களைப் படிப்பித்தது அந்தப் பின்னேர வகுப்பு. பேரை மட்டும் பிரம்புக்குக் கொடுக்கிறீர்கள். மஸ்கெலியாக்காரருக்கும் அதேதான். தரம் 8இல் பயமில்லாமல் கணக்கைத் தொட்டவர்கள்தானே பிறகு ஓ/எல் எழுதினீர்கள்?

என் கூடப் படித்தவள் ஒருத்தி. வாய்ப்பாடு பிழைத்ததற்குக் கணுக்காலில் அடி. அடுத்த நாள் வரவில்லை, பிறகு வரவே இல்லை. கொழும்பில் வீட்டு வேலை. வருஷங்கள் கழித்து ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். நான் டீச்சர் என்றதும் முதல் கேள்வி: "நீயும் அடிப்பியா புள்ள?" பஸ் வந்துவிட்டது. பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்றது. 2016இல் அதன் இடத்துக்கு வந்த 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. ஆசிரியர் காதில் அறைந்து கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், 2021இல் உயர் நீதிமன்றம் அந்த ஆசிரியரைத் தன் கைக்காசில் 150,000 ரூபா கொடுக்கச் சொன்னது. அரசு 500,000 ரூபா. அப்படியிருந்தும் எங்கள் ஆசிரியர் அறை அலுமாரிக்கு மேல் ஒரு பிரம்பு கிடக்கிறது. அது யாருடையது என்று கேட்டால் எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பழைய அதிபர்
நானும் தோட்டப் பாடசாலையில் ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புக்குப் படிப்பித்தவன். அதை விடுங்கள். இங்கே இளம் ஆசிரியர்கள் இருந்தால் இதைக் கேளுங்கள். ஐந்து வகுப்பும் கத்தும்போது நீங்களும் கத்தினால் ஆறாவது சத்தம் நீங்கள்தான். குரலை இறக்குங்கள், முன் வாங்கு அடங்கும், அப்புறம் பின் வாங்கும் அடங்கும். கதைப்பவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலையை வகுப்புத் தலைவனுக்குக் கொடுக்காதீர்கள், அது பழிவாங்கலில்தான் போய் முடியும். தலைமையைக் கிழமைக்கு ஒருவருக்கு மாற்றுங்கள், குழப்படிக்காரனுக்கும் முறை வரட்டும். வெளியே நிறுத்தாதீர்கள், அவனுக்கு மலையைப் பார்ப்பது கணக்கைவிடச் சந்தோஷம். கொப்பி இல்லாதவனை எழுப்பிக் கேட்காதீர்கள், சம்பளத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். முக்கியமாக, "நீயெல்லாம் கொழுந்து பறிக்கத்தான் லாயக்கு" என்ற வசனம் வாயில் வரவே கூடாது. அவன் தாய் அந்த நேரம் மலையில் கொழுந்துதான் பறித்துக்கொண்டிருக்கிறாள். பிரம்படியின் தழும்பு ஆறும். சுற்றறிக்கையைக் காட்டி இந்த வசனத்தை நிறுத்த முடியுமா, டீச்சர்?

ஊவா டீச்சர்
சுற்றறிக்கை வாயையும் கட்டத்தான் சொல்கிறது ஐயா. வாசிக்கத்தான் ஆளில்லை.

மஸ்கெலியாக்காரன்
ஐயா, நான் ஆசிரியரில்லை, லொறி ஓட்டுகிறேன். நான் கேட்டது வேறு. டீச்சர் சொன்ன கணக்கு கொஞ்சம் சரியாகப்படுகிறது, ஆனால் முழுதாக ஒப்ப மனமில்லை. பிரம்பு சேரிடம் நாங்கள் பயந்து படித்ததும் உண்மைதானே.

தலவாக்கலை அம்மா
இடையில் வருகிறேன். என் மகள் தரம் 6. அவள் வகுப்பு சேர் பிள்ளைகளையே சட்டம் எழுதச் சொல்லிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஒருத்தர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது, அழிறப்பரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது, அப்படியே போய்க் கடைசியில் "சேரும் பிந்தி வரக்கூடாது, வந்தால் ஒரு பாட்டுப் பாட வேண்டும்." அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஹட்டன் ரோட்டில் பஸ் பழுதான அன்றைக்குப் பாடியும் இருக்கிறார். சுருதி சேரவே இல்லை என்கிறாள் மகள்.

இப்போது சில பெற்றோர், பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போச்சு, அந்தத் தாளைக் கழற்ற வேண்டும் என்று அதிபரிடம் போயிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். நான் கொழுந்து மலையிலிருந்து அரைநாள் கேட்டு வாங்கிப் போகிறேன். சங்கத்து ஆட்களுக்கு முன்னால் எழும்பிப் பேசிப் பழக்கமில்லை. டீச்சர், அந்தச் சுற்றறிக்கை நம்பரை இன்னொருமுறை தெளிவாகப் போடுவீர்களா? சிங்களத்தில் இருந்தாலும் பரவாயில்லை, மகள் வாசிப்பாள்.