யாஷிகா டி காமிராவில் முதல் ரோல்: ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த படங்களும் வெட்டுப்பட்ட தலைகளும்

மகாமகக்கரை:

வணக்கம். கும்பகோணத்தில் ஸ்டூடியோ நடத்திய என் பெரியப்பா, கடையை மூடிய பிறகும் விற்க மனமில்லாமல் வைத்திருந்த யாஷிகா டி என்ற இரட்டை லென்ஸ் பிலிம் காமிராவைச் சென்ற மாதம் என்னிடம் கொடுத்தார். அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணாடித் திரையைப் பார்த்துக் கற்றுத்தர இயலாது என்று சொல்லிவிட்டார். நானோ கைபேசியிலும் டிஜிட்டல் காமிராவிலும் மட்டுமே படம் எடுத்துப் பழகியவன்.

400 ஐஎஸ்ஓ கருப்பு வெள்ளை 120 ரோல் ஒன்றைப் போட்டு எடுத்து, டெவலப் செய்யக் கொடுத்தேன். பன்னிரண்டு ஃபிரேம்களில் தேறியவை நான்கு. மூன்றில் ஒரு படத்தின்மேல் இன்னொன்று விழுந்திருக்கிறது: பெரியம்மா முறத்தில் அரிசி புடைக்க, அவருடைய கைகளின் குறுக்கே குளத்துப் படிக்கட்டுகள் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் முற்றிலும் வெறுமையாக இருக்கிறது. அருகில் நின்று எடுத்த இரண்டு முகங்களில் உச்சந்தலை வெட்டுப்பட்டிருக்கிறது. திரையில் முழுமையாகத்தான் தெரிந்தது. கடைசி இரண்டின் ஓரங்களில் நெகட்டிவில் புகைபோலக் கருமை படர்ந்திருக்கிறது. இவற்றுள் எவை என் பிழைகள், எவை காமிராவின் கோளாறுகள் என்று பிரித்தறிய உதவ வேண்டுகிறேன்.

இருட்டறைவாசி:

வணக்கம் நண்பரே. நீங்கள் சொன்னவற்றை வைத்துப் பார்த்தால் காமிரா நன்றாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். யாஷிகா மேட் வரிசையில் கைப்பிடியைச் சுழற்றினால் பிலிமும் நகரும், அடுத்த படத்துக்கு ஷட்டரும் ஏறிவிடும். ஆகவே பிலிமை நகர்த்தாமல் அடுத்த படத்தை எடுத்துவிட முடியாது. 'டி' மாடலில் இவ்விரண்டும் தனித்தனி வேலைகள். பிலிமை நகர்த்துவது பக்கவாட்டிலுள்ள குமிழ். ஷட்டரை ஏற்றுவது லென்ஸின் அருகிலுள்ள சிறு நெம்பு. பிலிம் நகர்ந்ததா என்று அந்த நெம்பு கேட்பதே இல்லை. எத்தனை முறை ஏற்றினாலும் அத்தனை முறையும் அதே ஃபிரேமில் ஒளி விழும்.

வெறுமையான ஃபிரேமுக்குக் காரணம் இதன் மறுபக்கம். நகர்த்திவிட்டோமா என்ற ஐயத்தில் குமிழின் நடுப்பொத்தானை மறுபடி அழுத்திச் சுழற்றியிருப்பீர்கள். எடுக்காத ஃபிரேம் ஒன்று கடந்து போயிருக்கும்.

நான் கைக்கொள்ளும் முறை இதுதான்: படம் எடுத்த ஒலி கேட்டவுடன், காமிராவைக் கீழே தாழ்த்துவதற்கு முன்பே, பொத்தானை அழுத்தி, குமிழ் நகரத் தொடங்கியதும் விரலை எடுத்துவிட்டு, அது தானாக நிற்கும் வரை சுழற்றிவிடுவேன். ஷட்டரை மட்டும் படம் எடுக்கும் தறுவாயில்தான் ஏற்றுவேன். அப்படிச் செய்தால், கையில் இருக்கும் காமிரா எப்போதும் நகர்த்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். யோசிக்க ஒன்றும் இராது. ஷட்டர் வேகத்தை 500-இல் வைப்பதானால் ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு அந்த வேகத்துக்கு மாற்றுவது பழைய ஷட்டர்களுக்கு நல்லதன்று.

சதுரச்சட்டம்:

இருட்டறைவாசி ஐயா சொன்னதில் ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். இவ்வகைக் காமிராவில் பிலிம் கீழ்ச் சுருளிலிருந்து புறப்பட்டு, உருளையில் வளைந்து மேலே ஏறுகிறது. நகர்த்திவிட்டு நாள்கணக்கில் அப்படியே வைத்தால், அது தட்டையாகப் படியாமல் போகக்கூடும். அதனால் நான் எடுப்பதற்குச் சற்று முன்புதான் நகர்த்துவேன். ஆனால் இது பழகியவர்களுக்கு. புதியவருக்கு ஒன்றன்மேல் ஒன்று விழும் இழப்பே பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி வெட்டுப்பட்ட தலைகள். நீங்கள் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக. படம் பதிவது கீழ் லென்ஸ் வழியாக. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4 செ.மீ. இடைவெளி. உங்கள் 80 மி.மீ. லென்ஸ் பத்து மீட்டர் தொலைவில் ஏழு மீட்டர் உயரமுள்ள காட்சியைப் பிடிக்கிறது. அங்கே 4 செ.மீ. ஒரு பொருட்டே இல்லை. ஒரு மீட்டர் தொலைவிலோ பிடிபடும் உயரம் ஏறத்தாழ 65 செ.மீ.தான். அதில் 4 செ.மீ. என்பது ஒருவரின் நெற்றிக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட அளவு. இதே வகையைச் சேர்ந்த ரோலிஃப்ளெக்ஸ் காமிராக்களில் திரைக்கு அடியிலுள்ள சட்டம் ஃபோகஸுடன் சேர்ந்து நகர்ந்து இதை ஈடுசெய்யும். ஆயினும் இரு லென்ஸ்களும் பார்க்கும் இடம் வேறுபடுவதை எந்தச் சட்டமும் மாற்றாது. முகத்தை நெருங்கி எடுக்கும்போது திரையின் மேல் விளிம்பில் தாராளமாக இடம் விடுங்கள். ட்ரைபாடில் இருந்தால், திரையில் சட்டமிட்டு முடித்தபின் நடுத்தண்டை 4 செ.மீ. உயர்த்திவிட்டு எடுங்கள், கீழ் லென்ஸ் மேல் லென்ஸ் இருந்த இடத்துக்கே வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். இந்தக் காமிராவில் எனக்கு மிகவும் பிடித்ததும், என்னை மிகவும் தவிக்கவிட்டதும் அதுதான். மேல் லென்ஸின் பின்னால் 45 பாகைக் கோணத்தில் இருக்கும் பிரதிபலிக்கும் கண்ணாடி படத்தை நிமிர்த்திக் காட்டுகிறது, ஆனால் இடவலம் மாற்றிவிடுகிறது. சாலையில் இடமிருந்து வலமாகச் சைக்கிள் போனால் திரையில் அது வலமிருந்து இடமாகப் போகும். கையும் அதன் பின்னாலேயே இடப்பக்கம் திரும்ப, சைக்கிள் சட்டத்தை விட்டு இரட்டை வேகத்தில் ஓடி மறையும். பிலிம் போடாமல் ஒரு வாரம் வாசலில் நின்று பழகுங்கள். உருவம் திரையில் எந்தப் பக்கம் நழுவுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் இடுப்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். கழுத்துப்பட்டையைக் குறுக்கி, காமிராவை அதற்கு எதிராகக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால் கை நடுங்காது. ஃபோகஸ் செய்யும்போது மூடியிலுள்ள உருப்பெருக்கியை விரித்து, கண்ணின் இமைமயிர் தெளியும் வரை ஃபோகஸ் குமிழை முன்னும் பின்னும் அசையுங்கள். ஷட்டர் திறக்கும் கணத்திலும் திரை இருளாது. எதிரே இருப்பவர் இமைத்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஈரக்காற்று:

ஓரக் கருமையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 120 பிலிமுக்கு உலோக உறை கிடையாது. பிலிமோடு சேர்த்துச் சுற்றிய பின்தாள் ஒன்றுதான் காவல். எடுத்து முடித்த சுருளில் கடைசி ஃபிரேம்கள்தாம் வெளிப்புறத்தில் இருக்கும். சுருள் தளர்ந்திருந்தாலோ, வெயிலில் நின்று வெளியே எடுத்திருந்தாலோ, ஓரம் வழியாக ஒளி புகுந்து முதலில் அவற்றைத்தான் கெடுக்கும். பிலிமைப் போடும்போது பின்தாள் விறைப்பாக இருக்குமாறு கட்டைவிரலால் சுருளை இலேசாக அழுத்திப் பிடியுங்கள். தாளிலுள்ள அம்புக்குறி காமிராவின் உட்புறக் குறிக்கு நேராக வந்த பின்பே கதவை மூடுங்கள். முடித்ததும் நிழலில் வைத்து எடுத்து, தளரவிடாமல் பசைநாடாவை ஒட்டிவிடுங்கள். அடுத்த ரோலிலும் அதே இடத்தில் கருமை வந்தால் மட்டும் கதவின் ஒளிக்காப்பைச் சந்தேகியுங்கள்.

ஒளியளவுக்கு மீட்டர் இல்லையே என்று அஞ்ச வேண்டாம். 400 பிலிமில் உச்சிவெயிலுக்கு லென்ஸ் துளை எஃப்/16, ஷட்டர் வேகம் 1/500. திண்ணை நிழலுக்கு எஃப்/8, 1/250. நெகட்டிவ் பிலிம் சற்றே கூடுதலான ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், குறைவைப் பொறுக்காது.

தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள். அது ஈரத்தை இழுத்துவைத்து லென்ஸில் பூஞ்சை பிடிக்கச் செய்யும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். 'வி' குறியிலுள்ள, சில நொடிகள் கழித்துத் தானே படமெடுக்கும் தாமத ஷட்டரையும் தொடாதீர்கள். பல ஆண்டுகள் ஓடாத அந்தப் பொறி நடுவழியில் சிக்கிக்கொண்டால் ஷட்டரையே கழற்ற வேண்டியிருக்கும்.

மகாமகக்கரை:

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் பெரியப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பிலிமை எப்போது நகர்த்துவது என்ற இடம் வந்ததும், காமிராவைக் கொடு என்று வாங்கி, மடியில் வைத்துக்கொண்டார். திரைமூடியைத் திறக்கவே இல்லை. இடது விரலால் நெம்பை ஏற்றினார், ஷட்டரை அழுத்தினார். அந்த ஒலி அடங்குவதற்குள் வலது கட்டைவிரல் பொத்தானை அழுத்திக் குமிழைச் சுழற்றி நிறுத்திவிட்டது. "தாலி கட்டுற நேரத்துல நகர்த்திட்டமான்னு யாருப்பா யோசிக்கிறது" என்றார்.

இரண்டாம் ரோலை நாளை காலை பின்கட்டு நிழலில் போடுகிறேன். முதல் ஃபிரேமில் ஒரு மீட்டர் தொலைவில் அவரையே அமர்த்தி, தலைக்கு மேல் இடம் விட்டு, எஃப்/8, 1/250-இல் எடுக்கவிருக்கிறேன்.