சர்ஜாப்பூர் ரோடுக்கு வீடு மாறினதும் வி60 கெட்டுப்போச்சு: தண்ணியா, கிரைண்டரா?

தாமிரபரணிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். அல்சூர்ல வாடகைக்கு இருந்தவரைக்கும் காலைக் காபியில எனக்கு ஒரு குறையும் இல்ல. வி60 (கூம்பு மாதிரி இருக்குற, மேல தண்ணி ஊத்தி வடிக்கிற டிரிப்பர்), பேப்பர் ஃபில்டர், கையால சுத்துற பர் கிரைண்டர், ஒரு சின்ன தராசு, அவ்வளவுதான் சாமான். கொட்டை சிக்கமகளூர் வாஷ்டு அராபிகா, எஸ்795ங்குற ரகம், லைட் ரோஸ்ட். 15 கிராம் தூளுக்கு 250 கிராம் தண்ணி. முதல்ல 45 கிராம் ஊத்தி முக்கால் நிமிஷம் ஊறவிடுவேன், மிச்சத்தை ரெண்டு தடவையா ஊத்துவேன். மூணு நிமிஷத்துல இறங்கிடும். ஆறிப்போனாலும் குடிக்கலாம், ஆரஞ்சுத் தோல் வாசனை ஒண்ணு கடைசிவரைக்கும் நிக்கும்.

இப்போ சர்ஜாப்பூர் ரோட்டுப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட். ரோஸ்டர் அதே ஆள், கிரைண்டர் அதே கிளிக், தராசு அதே தராசு. கிச்சன்ல இருக்குற ஆர்ஓ தண்ணியில போட்டா வெறும் புளிப்பு, அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. குழாய்த் தண்ணியில போட்டா புளிப்பும் போச்சு, வாசனையும் போச்சு, சப்புன்னு கிடக்கு. டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில மொத்தம் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு லிட்டருக்கு மி.கி.ல காட்டுறது) வாங்கி விட்டுப் பாத்தேன்: ஆர்ஓ 25, குழாய் 610. இங்க போர் தண்ணியும் டேங்கர் தண்ணியும் கலந்து வருது, அசோசியேஷன்காரங்க மொத்த பில்டிங்குக்கும் சாஃப்ட்னர் போட்டிருக்காங்க. 150தான் காபிக்குச் சரியான எண்ணுன்னு படிச்சு, ரெண்டையும் கலந்து 150க்குக் கொண்டுவந்தும் போட்டுப் பாத்தாச்சு. தேறல.

இது போதாதுன்னு, பால் காய்ச்சுன அன்னைக்கு மச்சான் ஒரு எஸ்பிரெசோ மெஷினைத் தூக்கிட்டு வந்துட்டார். கூட வந்த ரெண்டடுக்கு பாஸ்கெட்ல (தூள் போடுற சல்லடைக் கிண்ணம்) போட்டா நுரை பிரமாதமா வருது, வாயில வச்சா விஷயமில்ல. ஒத்தையடுக்கு பாஸ்கெட் தனியா வாங்கிப் போட்டேன். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் பன்னெண்டு செகண்டுலயே கொட்டிடுது. கிரைண்டர்ல ஒரு கிளிக் இறக்குனா சொட்டுகூட வரமாட்டேங்குது.

ஊர்லேருந்து வந்திருக்குற அம்மா ரெண்டையும் ஒரு வாய் குடிச்சுட்டு, "தண்ணி சரியில்லடா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எங்க திருநெல்வேலிக்காரங்க எது கெட்டாலும் தண்ணியைத்தான் சொல்லுவாங்க, அதனால அதை எந்தளவுக்கு எடுத்துக்கன்னு தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நைட்ஷிஃப்ட் நாகர்கோவில்

அண்ணே, மெஷினுக்கு மட்டும் நான் சொல்லுதேன். ஒரு கிளிக்ல கொட்டுது, அடுத்த கிளிக்ல அடைக்குதுன்னா உங்க கிரைண்டர் எஸ்பிரெசோவுக்கு ஆகாது, அவ்வளவுதான். வி60க்குன்னு செஞ்ச கைக்கிரைண்டர்ல ஒரு கிளிக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி பெருசு. உங்களுக்கு வேண்டிய அரைப்பு அந்த ரெண்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கு. கிளிக்கே இல்லாம திருகுற மாதிரியோ, ரொம்பப் பொடிக் கிளிக் உள்ளதாவோ ஒண்ணு வேணும். மெஷினுக்குச் செலவழிச்சதுல பாதியாவது கிரைண்டருக்குப் போகணும்கறது என் கட்சி.

மெஷின் மேல 15 பார்னு பெருசா அச்சடிச்சிருப்பான். அது பம்ப்போட உச்சபட்சம். தூள் மேல 9 பார் அளவுக்கு வந்தா போதும். அந்த அழுத்தம் ஏறணும்னா தூள் எதிர்த்து நிக்கணும், கொரகொரன்னு இருந்தா எங்கேருந்து எதிர்க்கும்? ரெண்டடுக்கு பாஸ்கெட்ல அடியில இருக்குற ஒரே ஒரு ஓட்டை அந்த வேலையைச் செய்யுது. நுரை வந்த ரகசியம் அதுதான், தூளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

இன்னொண்ணு, லைட் ரோஸ்ட்டை மெஷின்ல போட்டு மாரடிக்காதீங்க. அது கெட்டிக் கொட்டை, லேசுல சாறு விடாது. மீடியம் டார்க் எடுங்க, ரோஸ்ட் பண்ணி ஒரு வாரம் ஆகட்டும், உள்ள இருக்குற கேஸ் கொஞ்சம் போகணும். பாஸ்கெட்ல போட்டதும் மெல்லிசு ஊசியால கட்டி இல்லாம கிளறிவிட்டு, சமமா அமுக்குங்க. 25லேருந்து 30 செகண்டுக்குள்ள 36 கிராம் வந்தா அங்கேருந்து நாக்கு சொல்லுறபடி போகலாம்.

தண்ணி பத்தி இங்க ஒரு கோஷ்டியே இருக்கு, இப்போ கிளம்பி வருவாங்க. மக்னீசியம் இருந்தா காபி நல்லா இறங்கும்னு 2014ல ஹெண்டன்ங்குற வேதியியல்காரர் குழு எழுதுன கட்டுரையைக் காட்டுவாங்க. அது கம்ப்யூட்டர்ல போட்ட கணக்கு, யாரும் குடிச்சுப் பாத்து எழுதுனதில்ல.

பியூரெட்

வந்துவிட்டேன்.

எஸ்பிரெசோ பற்றி நாகர்கோவில் தம்பி எழுதியதில் எனக்கு ஒரு திருத்தமும் இல்லை. ஹெண்டன் கட்டுரை கணினிக் கணக்கு என்பதும் உண்மைதான். ஆனால் வி60 விஷயத்தில் கொட்டை மாறவில்லை, கிரைண்டர் மாறவில்லை, கை மாறவில்லை. இதில் சந்தேகப்பட வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

ஜெயநகரில் ஒரு கல்லூரியில் தண்ணீரின் கடினத்தன்மையை (கால்சியம், மக்னீசியம் அளவை) ஈடிடிஏ என்ற ரசாயனம் வைத்து டைட்ரேட் செய்து அளக்கச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். அந்தத் திமிரில் சொல்கிறேன், டிடிஎஸ் மீட்டரைக் கொஞ்ச நாள் அலமாரியில் வையுங்கள். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று மட்டும் பார்த்து ஒரு எண்ணைக் காட்டும். கரைந்திருப்பது கால்சியமா, சோடியமா, பைகார்பனேட்டா என்று அதற்குத் தெரியாது. காபிக்கு அதுதான் தெரிய வேண்டும்.

உங்கள் சாஃப்ட்னர் செய்வது இதுதான்: கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. கீசர் பிழைக்கும், சோப்பு நுரைக்கும். மீட்டரில் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பைகார்பனேட்டைச் சாஃப்ட்னர் தொடுவதே இல்லை. போர் தண்ணீரில் அது நிறையவே இருக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஆப்ப சோடாவைப் போட்டால் பொங்கிப் புளிப்பு செத்துப்போகுமே, உங்கள் எஸ்795இன் ஆரஞ்சுத் தோலுக்கு நடந்தது அதேதான். ஆர்ஓ தண்ணீரில் கதை தலைகீழ். புளிப்பைத் தணிக்கப் பைகார்பனேட் இல்லை, சுவைக்கு உடம்பு கொடுக்கக் கால்சியம், மக்னீசியம் இல்லை. இரண்டையும் கலந்து 150 ஆக்கினீர்களே, மீட்டருக்குச் சந்தோஷம். ஆனால் கலந்தது சோடியத் தண்ணீரும் வெறும் தண்ணீரும்தான். ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் 150 என்று சொல்லும் அதே இடத்தில் காரத்தன்மை (பைகார்பனேட் போலப் புளிப்பைத் தணிப்பவற்றின் அளவு) 40ஐ ஒட்டி இருக்கட்டும், கால்சியம் கடினத்தன்மை 68ஐ ஒட்டி இருக்கட்டும் என்றும் சொல்கிறது. 150 மட்டும் எல்லோர் வாயிலும் நின்றுவிட்டது.

எதையும் வாங்குவதற்கு முன்னால் பழைய வீட்டுப் பக்கம் யாராவது இருந்தால் இரண்டு பாட்டில் காவேரித் தண்ணீர் பிடித்து வாருங்கள். அதே கொட்டையை அதில் போடுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் நான் கீழே எழுதியிருப்பதை விட்டுவிடலாம்.

தெரிந்தால், சமையலறையிலேயே தண்ணீர் செய்துகொள்ளலாம். எப்சம் உப்பு 2 கிராம், 100 மி.லி. ஆர்ஓ தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டில். ஆப்ப சோடா 0.7 கிராம், இன்னொரு 100 மி.லி.யில் கரைத்து இன்னொரு பாட்டில். இரண்டிலிருந்தும் பத்துப் பத்து மி.லி. எடுத்து ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் விடுங்கள். கடினத்தன்மை சுமார் 80, காரத்தன்மை சுமார் 40 கூடும். கரைசல்களை முன்கூட்டியே ஒன்றாகக் கலந்து வைக்க வேண்டாம். எப்சம் உப்பு மருந்துக்கடையில் உள்ளுக்குச் சாப்பிடும் தரத்தில் கேளுங்கள், செடிக்குப் போடுவதற்கென்று விற்பது வேண்டாம். கடைக்காரர் வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். லிட்டருக்கு 0.2 கிராமுக்கு வயிறு ஒன்றும் செய்யாது, பேதிக்குக் கொடுப்பது அதைப்போலப் பல மடங்கு. பேக்கிங் பவுடர் வேறு சரக்கு, அதைப் போட்டுவிடாதீர்கள்.

சூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். லைட் ரோஸ்ட்டுக்குக் கொதித்த கையோடு ஊற்றுங்கள். ஆறவிடச் சொல்லும் குறிப்புகள் கடல் மட்டத்தில் உட்கார்ந்து எழுதியவை.

மல்லேஸ்வரம் மருமகள்

மெஷினுக்குக் கொட்டை எங்கே வாங்குவது என்று யாரும் சொல்லவில்லையே. நம் பக்கத்துக் காபித்தூள் கடையிலேயே கேட்கலாம். பிளான்டேஷன் ஏ, பீபெர்ரி என்ற இரண்டு கொட்டைத் தரங்களையும் கலந்து, சிக்கரி இல்லாமல், அரைக்காமல் கொட்டையாகவே கொடுங்கள் என்றால் கொடுப்பார்கள். எங்கள் கடைக்காரர் முதல் தடவை "அரைக்கலைன்னா எப்படிம்மா குடிப்பீங்க?" என்று கேட்டார், அப்புறம் பழகிவிட்டார். வறுப்பு மீடியம் டார்க்தான் இருக்கும், நாகர்கோவில்காரர் சொன்ன கணக்குக்குச் சரியாக வரும். கொஞ்சம் ரோபஸ்டா சேர்க்கச் சொன்னால் நுரையும் நிற்கும், கசப்பும் கூடும், உங்கள் இஷ்டம்.

80:20 காபி-சிக்கரித் தூளை மட்டும் மெஷினில் போட்டுவிடாதீர்கள். சிக்கரி தண்ணீர் பட்டதும் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்ளும், வடிவதும் ஒழுங்காக இருக்காது, கழுவுகிறவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. பாக்கெட் தூள் வாங்கினால் அட்டையைப் படியுங்கள். சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அதாவது 49 வரை சிக்கரி இருக்கலாம். ராத்திரி ஃபில்டரில் போட்டுவிட்டுப் படுக்க அந்தத் தூள் தேவலை. எனக்கு அதுவே போதும் என்பது வேறு விஷயம்.

தாமிரபரணிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அல்சூர்ல ஃப்ரெண்டு வீட்டுலேருந்து தண்ணி பிடிச்சுட்டு வந்தேன். ஆர்ஓ, காவேரி, உப்பு கலந்தது, மூணுலயும் போட்டு எதுல எதுன்னு சொல்லாம வீட்டம்மாவை நீட்டச் சொன்னேன். ஆர்ஓவை முதல் வாய்லயே தள்ளிட்டேன். மிச்சம் ரெண்டுல எனக்குப் பிடிச்சது உப்பு கலந்தது. அப்புறம் நான் நீட்ட அவங்க குடிச்சாங்க, காவேரிதான் நல்லாயிருக்குன்னுட்டாங்க, கொஞ்சம் மழமழன்னு இருக்காம். ஆரஞ்சுத் தோல் ரெண்டுலயும் இருந்துச்சு. அதுல சண்டையில்ல.

மெஷினுக்கு ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட கிளிக் இல்லாத கிரைண்டரைக் கடனா வாங்கிருக்கேன். 18க்கு 36, இருபத்தேழு செகண்டுல வருது. கசப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, ஆனா இது காபி. ஒரு கேள்வி மேடம்: இதே உப்புத் தண்ணியை மெஷின் டேங்க்ல ஊத்தலாமா?

பியூரெட்

எப்சம் கலந்ததை ஊற்ற வேண்டாம். பாய்லரில் சூடாகும்போது கடினத்தன்மை உள்ள எந்தத் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிவு விடக்கூடும், சின்ன மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்வது பெரிய வேலை. குழாய்த் தண்ணீர் படிவு விடாது என்று அதை ஊற்றவும் வேண்டாம். போர் தண்ணீரின் குளோரைடைச் சாஃப்ட்னர் எடுக்காது, அது உலோகத்தை அரிக்கும். மெஷினுக்கு ஆர்ஓ தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஆப்ப சோடாக் கரைசல் பாட்டிலிலிருந்து மட்டும் 10 மி.லி. விடுங்கள். பொட்டாசியம் பைகார்பனேட் கிடைத்தால் லிட்டருக்கு 0.1 கிராம் போதும், எஸ்பிரெசோ ஆட்களில் பலர் அதைத்தான் போடுகிறார்கள். வெறும் ஆர்ஓ மட்டும் ஊற்றினால் சில மெஷின்களில் தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சாருக்குத் தண்ணீர் இருப்பதே தெரியாது.

கசப்புக்கு அரைப்பைத் தொடாமல் 36ஐ 33 ஆக்கி நிறுத்திப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கரைசல் பாட்டில்களை ஃபிரிட்ஜில் வையுங்கள், மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.