நடு அறைக்கு ஸ்கைலைட்: கண்ணாடியா, பாலிகார்பனேட்டா, குழாயா?

மின்ட்வாசி:
வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா காலத்து வீடு. வடக்கு பார்த்த வாசல், 14 அடி அகலம், 50 அடி நீளம், இரண்டு பக்கமும் பொதுச்சுவர். முன்னறைக்குத் தெரு வெளிச்சம் உண்டு, சமையலறைக்குப் பின்கட்டு வெளிச்சம் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்ட 10க்கு 12 அறைக்குத்தான் ஒன்றுமில்லை. பட்டப்பகலில் டியூப்லைட் எரிகிறது. அம்மாவின் தையல் மெஷின் அங்கேதான் இருக்கிறது. கறுப்பு நூல் கோக்க வேண்டுமென்றால் எழுந்து வாசலுக்குப் போகிறார்.

மேலே மொட்டை மாடிதான், அதனால் கூரையைத் திறந்து வெளிச்சம் இறக்கும் ஸ்கைலைட் போடலாம் என்று மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர், தளத்தை 4க்கு 3 அடி உடைத்து பாலிகார்பனேட் ஷீட் போடலாம் என்கிறார். இன்னொருவர் 12 மி.மீ. டஃபண்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி என்கிறார், "மேலேயே நடக்கலாம் சார்" என்று உத்தரவாதம் வேறு. மூன்றாமவர் மாடி வெளிச்சத்தைக் கீழே இறக்கும், உள்ளே பளபளவென்றிருக்கும் 10 அங்குலக் குழாய் ஒன்றைப் படத்தில் காட்டினார். வெயில், மழை, கொசு, திருட்டு எல்லாவற்றையும் யோசித்தால் எது சரி?

காசிமேட்டுக்காரன்:
ஷீட் மட்டும் வேண்டாம். எங்கள் மாடிப்படிக்கு மேல் போட்டிருந்தது 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று பிய்த்துக்கொண்டு போய் இரண்டு தெரு தள்ளி யாரோ வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் கிடந்தது. திரும்பப் போட்டது மூன்றே வருடத்தில் பழுப்பேறி, படியில் மஞ்சள் காமாலை வெளிச்சம்.

சாரக்கட்டு:
உங்கள் ஷீட்டைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், அது மேலே வர வேண்டும். பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டு அவசரத்தில் திருப்பிப் போட்டால் அவ்வளவுதான். அப்புறம் ஸ்க்ரூ. ஷீட்டின் சூடு 30 டிகிரி ஏறினால் ஒரு மீட்டருக்கு 2 மி.மீ. நீளும். துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷர் வைக்காவிட்டால் துளையிலிருந்தே விரிசல் விடும்.

மின்ட்வாசி தம்பி, எதைப் போடுவது என்பது அப்புறம். தளம் என்ன வகை? அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகள் வரிசையாகத் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். கட்டைகளுக்கு மேல் செங்கல்லைக் குத்துவாட்டத்தில், குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லி கொட்டி, கடைசியாகத் தட்டோடு பதித்திருப்பார்கள். கல்லுக்குக் கல்தான் பிடிமானம். கண்ட இடத்தில் ஓட்டை போட்டால் பக்கத்துக் கல்லும் சேர்ந்து வரும். கான்கிரீட் என்றால் வேறு தொல்லை: கம்பி 6 அங்குல இடைவெளியில் இருந்தால் 10 அங்குலக் குழாய்க்கே ஒன்றிரண்டு கம்பி போய்விடும். இரண்டில் எதுவானாலும் இன்ஜினியர் பார்க்காமல் தளம் உடைக்கும் பிரேக்கர் மெஷினை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மின்ட்வாசி:
தேக்குக் கட்டைதான் அண்ணா. ஆனால் ஒன்று விசித்திரமாக இருக்கிறது. அறை நடுவில் ஒரு சதுரத்துக்கு மட்டும் கட்டையே இல்லை, மழமழவென்று சிமெண்டு பூச்சு. மாடியில் போய்ப் பார்த்தேன், அதே இடத்தில் தட்டோடும் இல்லை.

திருவொற்றியூர் அத்தை:
அட கண்ணு, அது முற்றம்! ஸ்கைலைட் போட்டுத்தான் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள், யாரோ மூடி வைத்திருக்கிறார்கள். கீழே தரையிலும் மழைத்தண்ணீர் போகத் தூம்பு இருந்திருக்கும். அம்மாவைக் கேட்டுப் பார்.

மின்ட்வாசி:
கேட்டேன். அத்தை சொன்னது அப்படியே சரி. ஒரு ராத்திரி திருடன் இறங்கினான் என்று தாத்தா சிலாப் போட்டு மூடிவிட்டாராம். அம்மா கல்யாணமாகி வருவதற்கு முன்பே நடந்ததால் அவருக்கும் கேள்வி ஞானம்தான். தூம்பு டைல்ஸுக்கு அடியில் போய்விட்டது. அளந்தால் முற்றம் சரியாக 4க்கு 3!

சாரக்கட்டு:
பாதி வேலை முடிந்தது. முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் தாங்கும் உத்தரம் ஏற்கெனவே இருக்கும். அது கரையான் அரிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் இன்ஜினியரை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, சிலாப்பை மட்டும் துண்டு துண்டாக அறுத்து எடுக்கலாம். குழாய் உங்களுக்குத் தேவையில்லை. பெரிய திறப்புக்கு வழியில்லாத குளியலறை, நடைபாதை மாதிரி இடத்துக்குத்தான் அது பொருந்தும்.

ஆனால் அந்த 12 சதுர அடியையும் அப்படியே கண்ணாடியால் மூடாதீர்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். உங்கள் திறப்பு 1.1 சதுர மீட்டர். மே மாதம் மத்தியானம் அம்மா தலைக்கு மேல் ஓர் இஸ்திரிப் பெட்டி முழுச்சூட்டில் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வானத்துக்கு அந்த அறைக்கு 5, 6 சதுர அடி கண்ணாடி போதும்.

பெரம்பூர் பென்ஷன்:
நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும். கண்ணாடி எல்லாம் வடக்கே பார்த்து நிற்கும், தெற்கே சரிவில் தகரம். வெளிச்சம் கொட்டும், ஆனால் லேத் மேல் நேர் வெயில் விழாது. அதையே சின்னதாகச் செய்யுங்கள். முற்றத்துக்கு மேல் ஒரு கூண்டு எழுப்பி, கூரையை மூடிவிட்டு, வடக்குப் பக்கம் மட்டும் 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்குக் கண்ணாடி.

வெயில் கணக்கும் சொல்கிறேன், எனக்கு இதில் ஒரு கிறுக்கு. சென்னை 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரமும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாட்களில் வடக்கே கொஞ்சம் சாயும், ஜூன் 21 அன்று 10 டிகிரி, அதற்கு மேல் இல்லை. ஒன்றரை அடிக் கண்ணாடிக்கு 4 அங்குலம் நீட்டிய கூரையே அந்த நண்பகல் வெயிலை மறைத்துவிடும். காலையிலும் மாலையிலும் கொஞ்சம் சாய்வெயில் வரும், வரட்டும். மார்கழி, தையில் வெயில் அந்தப் பக்கம் எட்டியே பார்க்காது.

காசிமேட்டுக்காரன்:
ஐயா கணக்கு சரி, ஆனால் ஐப்பசி கார்த்திகை மழை வாடையிலிருந்துதான், அதாவது வடக்கிலிருந்துதான், சாய்ந்து அடிக்கும். கண்ணாடியை மழையின் முகத்துக்கு நேராகத் திருப்பி வைக்கச் சொல்கிறீர்களே!

சாரக்கட்டு:
சரியான கேள்வி. அதனால் வடக்குக் கண்ணாடி திறக்கவே கூடாது, நிரந்தரமாகப் பொருத்திய கண்ணாடி. 4 அங்குலம் வெயிலுக்குப் போதும், மழைக்காக ஓர் அடி நீட்டுங்கள். சூடான காற்று வெளியே போகத் தெற்குப் பக்கம் லூவர் (சாய்வான இலைகள் அடுக்கிய ஜன்னல்) வைத்து, உள்பக்கம் கொசுவலை. வலையைக் கழற்றிக் கழுவ முடிகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள், ஆறு மாதத்தில் தூசி அடைத்துக்கொள்ளும்.

ஒழுகல் பெரும்பாலும் கூண்டும் தளமும் சேருகிற இடத்தில்தான் வரும். திறப்பைச் சுற்றித் தளத்திலிருந்து 9 அங்குலம் கட்டைச்சுவர் எழுப்பி, வாட்டர்ப்ரூபிங்கைத் தளத்தோடு நிறுத்தாமல் கட்டைச்சுவரின் மேல்வரை ஏற்றி, கூண்டின் விளிம்பு அந்தச் சுவருக்கு வெளியே இறங்குகிற மாதிரி போட வேண்டும். டப்பாவுக்கு மூடி போடுகிற மாதிரி. சிலிக்கான் பிதுக்கிவிட்டு "ஒன்றும் ஆகாது சார்" என்பவரை அனுப்பிவிடுங்கள்.

கண்ணாடி லேமினேட்டட்டாக இருக்கட்டும். வெறும் டஃபண்ட் உடைந்தால் பொடிப்பொடியாக மொத்தமும் கீழே கொட்டும். லேமினேட்டட் உடைந்தாலும் நடுவிலுள்ள பிலிம் பிடித்துக்கொள்ளும். நம் பகுதியில் கிரிக்கெட் பந்து வராத மாடி ஏது? பிரேம் அலுமினியம், ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அலுமினியத்தில் இரும்பு ஸ்க்ரூ போட்டால் சுற்றி அரித்துவிடும். உள்ளே இறங்கும் நான்கு சுவருக்கும் வெள்ளை அடியுங்கள், வெளிச்சம் அதில் பட்டுத்தான் கீழே வரும்.

திருவொற்றியூர் அத்தை:
தாத்தாவின் திருடனை மறந்துவிடாதே. கீழே கம்பி கிராதி போடு.

மின்ட்வாசி:
அப்டேட். இன்ஜினியர் வந்தார். ஓர் உத்தரத்தின் முனையில் மட்டும் கரையான், அங்கே இரும்பு சேனல் கொடுத்துத் தாங்கியாகிவிட்டது. போன வாரம் சிலாப்பை எடுத்தார்கள், கிராதி மாட்டியாயிற்று. நேற்று கூண்டு ஏறியது. ஹோஸ் பைப் வைத்து அரை மணி நேரம் நான்கு பக்கமும் அடித்துப் பார்த்தோம். தெற்கு லூவரில் மட்டும் கொஞ்சம் சாரல் வந்தது, இலையை இன்னும் சாய்த்து வைப்பதாக பேப்ரிகேட்டர் சொல்லியிருக்கிறார். ஒரு மழை பார்க்கும் வரை மெஷினைத் தள்ளிப் போடச் சொன்னேன். அம்மா நேர் கீழே இழுத்துப் போட்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருக்கிறார்.