தாத்தாவின் 55 மி.மீ. லென்ஸா, புது மேக்ரோவா?

கொய்யாத்தோப்பு:
பத்தாம் வகுப்பு முடித்திருக்கும் மகளுக்குப் பூச்சிப் பைத்தியம். கையில் நிக்கான் டி3500 கேமரா. என் அப்பா, எழுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த மைக்ரோ நிக்கார் 55 மி.மீ. எஃப்/3.5 லென்ஸை (நிக்கானின் மேக்ரோ, அதாவது சின்னதைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) பீரோவிலிருந்து எடுத்து, "இதுல பழகு, புதுசெல்லாம் அப்புறம்" என்று பேத்தியிடம் கொடுத்துவிட்டார். எனக்கோ ஆட்டோஃபோகஸ் (தானாகவே கூர்மை பிடிப்பது) உள்ள 90 மி.மீ. மேக்ரோ ஒன்று வாங்கித் தர ஆசை. இப்போது வீட்டில் இரண்டு கட்சி. தாத்தா லென்ஸில் கொய்யா மரத்து முசுறை (சிவப்பு மர எறும்பு) அவள் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். உங்கள் தீர்ப்பு என்ன?

நுண்கண்:
புதுசு வாங்குங்கள் சார், யோசிக்கவே வேண்டாம். அந்த லென்ஸை டி3500-இல் மாட்டினால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாது, எல்லாம் கையால் வைக்கும் எம் மோடில் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். அதோடு அது தனியாகப் போவது பாதி அளவுக்குத்தான். 1:1 (சென்சாரில் பூச்சியின் நிஜ அளவு) வேண்டுமென்றால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் 27.5 மி.மீ. டியூப் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் அடுத்த வம்பு: லென்ஸ் முனைக்கும் எறும்புக்கும் நடுவே ஐந்தாறு சென்டிமீட்டர்தான் இருக்கும். முசுறு பேசாமல் நிற்குமா? லென்ஸ் மேல் ஏறி, கையில் ஏறி, கடித்த இடத்தில் அமிலத்தையும் தெளித்துவிட்டுத்தான் இறங்கும். 90 மி.மீ. என்றால் இன்னும் தள்ளி நின்று எடுக்கலாம். தாத்தாவின் பழைய நினைவுக்காகப் பேத்தி ஏன் கடி வாங்க வேண்டும்?

பழங்கண்ணாடி:
தம்பி நுண்கண், கடி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மீதியில் பாதிதான் சரி.

1:1-இல், எஃப்/8-இல் (லென்ஸின் ஒளித்துளை அளவு), டி3500 மாதிரிச் சின்ன சென்சாரில் கூர்மையாக வரும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. காற்றில் ஆடும் இலையில் ஓடும் எறும்பை அந்த இடுக்கில் எந்த ஆட்டோஃபோகஸ் மோட்டார் பிடிக்கும்? முன்னும் பின்னும் போய் வந்து ஏமாற்றும். புது லென்ஸ் வைத்திருப்பவர்களும் 1:1-இல் ஆட்டோவை அணைத்துவிட்டு, அளவைப் பூட்டிக்கொண்டு, உடம்பை லேசாக முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துகிறார்கள். அதைத்தானே தாத்தா பழகச் சொல்கிறார்?

மீட்டர் இல்லாததும் பெரிய குறையில்லை. ஃப்ளாஷின் அளவை நாமே கையால் அமைத்து எடுக்கும்போது அது தேவையே இல்லை. எஃப்/8, 1/200 நொடி, ஃப்ளாஷ் எட்டில் ஒரு பங்கு என்று ஆரம்பித்து, திரையைப் பார்த்து ஏற்றி இறக்கினால் போதும். இந்த லென்ஸில் துளை படமெடுக்கும் நொடியில்தான் சுருங்கும், அதனால் வ்யூஃபைண்டர் இருளாது. ஹீலியாஸ் 44-2 மாதிரிக் கையால் துளையைச் சுருக்கும் லென்ஸோடு மல்லாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு எச்சரிக்கை. 1977-க்கு முந்திய, மாற்றி அமைக்கப்படாத நிக்கார் என்றால் டி7000 போன்ற கேமரா உடல்களில் மாட்டாதீர்கள், அங்குள்ள மீட்டர் நெம்புகோல் உடையலாம். டி3500-இல் அந்த நெம்புகோல் இல்லை, தாராளமாக மாட்டலாம்.

தும்பிராணி:
சண்டைக்கு நடுவே யாராவது படத்தைப் பார்த்தீர்களா? அது முசுறு இல்லை!

முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் இரண்டு பெரிய வட்டக் கண்கள், பக்கத்தில் சின்னக் கண்கள். 'உணர்கொம்பு' என்று நாம் நினைப்பது தூக்கிப் பிடித்த முன்கால்கள். முசுறு போலவே வேஷம் போட்டு, அவை நடமாடும் மரத்திலேயே திரியும் குதிக்கும் சிலந்தி இது. ஆக, பூச்சியே இல்லை. பாப்பாவுக்கு என் பாராட்டு.

பழங்கண்ணாடி:
பார்த்தீர்களா! ஐம்பது வயதான கண்ணாடி கண்ணெல்லாம் எண்ணிக் காட்டுகிறது.

நுண்கண்:
அண்ணே, அதே படத்தில் கால்களை எண்ணுங்கள் பார்ப்போம். முகத்தைத் தாண்டினால் எல்லாம் மங்கல். தும்பிராணி அக்கா கண்ணை வைத்துக் கண்டுபிடித்தார், சரி. கண் மங்கி உடம்பு கூர்மையாகியிருந்தால் இன்றைக்கும் நாம் 'முசுறு' என்றுதான் எழுதிக்கொண்டிருப்போம். ஐநேச்சுரலிஸ்ட்டில் (உயிரினப் படங்களை ஏற்றி இனம் காணும் தளம்) ஏற்றி இனம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முகம், கால், வயிறு எல்லாம் தெரிய வேண்டும். அதற்கு ஃபோகஸ் ஸ்டாக்கிங்தான் (வெவ்வேறு ஆழத்தில் கூர்மையான பல படங்களை ஒன்றாக அடுக்குவது) வழி. தானாகவே ஃபோகஸை நகர்த்தி அடுக்கடுக்காக எடுக்கும் கேமராக்கள் வந்துவிட்டன.

தும்பிராணி:
ஓடுகிற எறும்பை எப்படி அடுக்குவாய் தம்பி? நாற்பது படம் எடுப்பதற்குள் அது அடுத்த கிளைக்குப் போய்விடும். நாம் வாய்பிளந்து பார்க்கும் எறும்பு ஸ்டாக்குகளில் பல செத்த பூச்சிகள், சில ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தவை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் குறுக்குவழியைக் காட்டாதீர்கள். பனி உலராத காலையில் தட்டானும் ஊசித்தட்டானும் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கும். அடுக்க ஆசையிருந்தால் அவற்றை அடுக்கலாம், அதற்கு அந்தப் பழைய ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பினாலே போதும். இனம் காணத்தான் என்றால் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முகம் ஒன்று எடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

பழங்கண்ணாடி அண்ணன் ஃப்ளாஷைப் போகிற போக்கில் சொல்லிவிட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். 1:1-இல் வளையத்தில் எஃப்/8 என்று வைத்தாலும் நடைமுறையில் எஃப்/16 அளவு வெளிச்சம்தான் உள்ளே போகும். எந்த லென்ஸானாலும் ஃப்ளாஷ் இல்லாமல் மர நிழலில் காலம் தள்ள முடியாது. இந்தப் படத்தில் சிலந்தியின் முதுகில் வெள்ளையாக ஒரு திட்டு எரிகிறதே, அது லென்ஸின் குற்றமில்லை. ஃப்ளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாளோ மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக்கோ அகலமாக வைத்து, பூச்சிக்கு எவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் வையுங்கள். 90 மி.மீ.க்கு வைத்திருக்கும் காசில் ஒரு பகுதியை ஃப்ளாஷில் போடுங்கள், மிச்சத்தை அப்படியே வையுங்கள்.

கொய்யாத்தோப்பு:
சிலந்தி என்றதும் அவள் வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். தாத்தா, "எனக்கு அப்பவே சந்தேகம்" என்கிறார், நான் நம்பவில்லை. டியூபும் ஃப்ளாஷும் தேடுகிறேன். இன்னொன்று: லென்ஸுக்குள் ஓரத்தில் நூல் நூலாக ஏதோ தெரிகிறது. பீரோவில் அந்துருண்டையோடுதான் இருந்தது.

பழங்கண்ணாடி:
பூஞ்சை. ஓரத்தில் மட்டும் என்றால் படத்தில் பெரிதாகத் தெரியாது, ஆனால் பரவும். பிரித்துத் துடைக்கத் தெரிந்தவரிடம் சீக்கிரம் கொடுங்கள். அந்துருண்டை வேண்டவே வேண்டாம், நிக்கானின் கையேடுகளே கூடாது என்கின்றன. காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், அவ்வளவுதான். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போடுங்கள்.

நுண்கண்:
துடைக்கும் கூலி, டியூப், ஃப்ளாஷ் எல்லாம் கூட்டிப் பாருங்கள், பழைய 90 ஒன்றின் விலை வந்துவிடும். வாங்கினால் உள்ளேயே மோட்டார் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், டி3500 உடலில் மோட்டார் கிடையாது. நான் இன்னும் என் கட்சியில்தான் இருக்கிறேன்.

பழங்கண்ணாடி:
90 வாங்கினாலும் ஃப்ளாஷ் தனியாகத்தான் வாங்கணும் தம்பி. கூட்டல் கணக்கில் அதை ஏன் ஒரு பக்கம் மட்டும் சேர்க்கிறீர்கள்?