அம்மாவின் முழங்கால் வலிக்கு ஓட்டல் ஸ்பாவா, கேரள ஆயுர்வேதமா, குற்றாலமா?

கயல், திருப்பூர்

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. 24 வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றபடியே. வரும் மே மாதத்தோடு வேலையை விடுகிறார். இரண்டு முழங்காலும் வலி, இடுப்புப் பிடிப்பு, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை. அவருக்கென்று 25,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கோவையில் ஒரு ஓட்டல் ஸ்பாவில் மூன்று மணி நேரப் பேக்கேஜ் பார்த்தேன்: ஸ்வீடிஷ் மசாஜ், ஸ்க்ரப், ஃபேஷியல். தோழி பாலக்காட்டுப் பக்கம் ஏழு நாள் ஆயுர்வேதம் பார்க்கச் சொல்கிறாள். தம்பி குற்றாலம் என்கிறான். அம்மா இதுவரை பியூட்டி பார்லர் படிகூட ஏறியதில்லை. எங்கே கூட்டிப் போவது?

தென்காசிக்காரன்

எங்கள் ஊர்தான், ஆனாலும் இதற்கு வேண்டாம் சகோதரி. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவது பெரும்பாலும் ஆண்களுக்கு ஆண்கள் செய்வது. முழங்கால் வலிக்காரர் ஈரப்பாறையில் நடப்பதும் சிரமம். மே மாதத்தில் அருவியில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது, சீசன் ஜூனில்தான் தொடங்கும்.

செல்வி, பொள்ளாச்சி

கயல், மூன்று வருடத்துக்கு முன் என் அம்மாவுக்காக இதே குழப்பத்தில் இருந்தேன். முதலில் தப்பான இடத்துக்குப் போனேன், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

வாசலில் ஆயுர்வேதம் என்று பெரிய போர்டு. உள்ளே வைத்தியர் யாரும் இல்லை, ரிசப்ஷனில் ஒரு மெனு கார்டு மட்டும். எண்ணெய் தேய்த்த கையோடு அம்மாவை நீராவிப் பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியே வந்தவருக்குத் தலை சுற்றி, சுவரைப் பிடித்தபடி நின்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த முறை பாலக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன வைத்தியசாலை. வைத்தியர் அரைமணி நேரம் பேசினார், நாடி பார்த்தார், மாத்திரைச் சீட்டுகளையும் எக்ஸ்ரேயையும் வாங்கிப் பார்த்தார். அப்புறம்தான் என்ன செய்வது என்று முடிவு செய்தார். காலையில் அபியங்கம், அதாவது உடம்பு முழுக்கச் சூடான தைலம் தேய்ப்பது. அதன் பிறகு முழங்காலுக்கு ஜானு வஸ்தி. உளுந்து மாவைப் பிசைந்து மூட்டைச் சுற்றி வளையமாக அணை கட்டி, அதற்குள் இளஞ்சூட்டுத் தைலத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி சூடாக ஊற்றுகிறார்கள். அரைமணி நேரம் சிகிச்சை செய்த பெண் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் தன் கையில் சூடு பார்த்துத்தான் ஊற்றினார். கடைசியில் பயத்தமாவு தேய்த்து வெந்நீர்க் குளியல், உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்நாதி என்ற மூலிகைப் பொடி.

வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். ஆனால் ஐந்தாம் நாள் அம்மா கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினார்.

ஓட்டல் ஸ்பாவைக் குறை சொல்லவில்லை. களைத்த உடம்புக்கு ஸ்வீடிஷ் மசாஜ் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேண்டியது முழங்காலுக்கு வைத்தியம். விளம்பரத்தில் நெற்றியில் தைலம் ஒழுகுகிறதே, அந்த சிரோதாரையும் மூட்டுக்கானதில்லை. தூக்கம் வராதவர்களுக்குச் சொல்வது அது.

போனில் முதலில் கேளுங்கள்: சிகிச்சைக்கு முன் வைத்தியர் பார்ப்பாரா, பெண்களுக்குப் பெண்கள்தான் செய்வார்களா, என்ன தைலம். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். தங்கும் செலவுதான் அதிகம். பக்கத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் தினமும் போய் வரலாம். பழைய நைட்டி நாலைந்து எடுத்துப் போங்கள், தைலக்கறை போகாது.

பிசியோ, ஈரோடு

செல்வி அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம். சர்க்கரை இருப்பதால் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, தைலமோ ஒத்தடமோ சுட்டுவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் மசாஜ் கூடவே கூடாது, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். தாய்லாந்து மசாஜ், தசையை ஆழமாக அழுத்தும் டீப் டிஷ்யூ மசாஜ் இரண்டும் இவருக்கு வேண்டாம். தாய்லாந்து மசாஜில் எண்ணெய் கிடையாது, பாயில் படுக்க வைத்து கை காலை மடக்கி இழுப்பார்கள், அந்த முழங்கால் தாங்காது. எங்கே போனாலும் தொடைத் தசைக்கான பயிற்சி வீட்டில் தினமும் செய்ய வேண்டும்.

கயல், திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். "பொம்பளைங்கதான தேய்ப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் பேசாமல் உள்ளே போய் பீரோவில் பழைய நைட்டி தேட ஆரம்பித்துவிட்டார். மே வெயிலில் வேண்டாம், கேரளத்தில் கர்க்கடக மாதத்தில்தான் இந்தச் சிகிச்சைகள் விசேஷம் என்கிறாள் தோழி. நமக்கு அது ஆடி. சித்தி வீடு பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது, அங்கிருந்து போய் வரலாம். செல்வி அக்கா, நீங்கள் போன வைத்தியசாலைக்கு அங்கிருந்து பஸ் உண்டா?